மீத்தேன் கணக்கு வேறு, பென்சீன் கணக்கு வேறு: எரிவாயுச் சேமிப்புக் களத்திலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். நான் அமெரிக்காவில் ஓர் இயற்கை எரிவாயுச் சேமிப்புக் களத்தில் பணிபுரிகிறேன். வற்றிப்போன பழைய எண்ணெய்ப் படுகையில் கோடையில் வாயுவை உட்செலுத்தி, குளிர்காலத்தில் வெளியே எடுக்கும் இடம் அது. பத்து ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பில் இருந்த எனக்கு, சென்ற மாதம் சுற்றுச்சூழல் பிரிவின் பொறுப்பையும் கொடுத்துவிட்டார்கள். முன்பு இருந்தவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். எனக்கு மூன்று ஐயங்கள். முதலாவது, நாங்கள் ஆண்டுதோறும் பசுமைக்குடில் வாயு அறிக்கை அனுப்புகிறோம். அதற்கு மேல் நச்சுக் காற்று மாசு அறிக்கை என்று தனியாக ஒன்று எதற்கு? இரண்டாவது, எங்கள் களத்திலிருந்து சில மைல் தொலைவில் எங்களுக்கே சொந்தமான ஒரு சிறிய கம்ப்ரசர் நிலையம் இருக்கிறது; அங்கும் வாயுவை உலர்த்தும் ஒரு கிளைக்கால் (glycol) அலகு உண்டு. அதன் கோப்பில் "பெரிய மூலம் அல்ல" என்று ஒற்றை வரி மட்டும் இருக்கிறது, கணக்கு எதுவும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது, பிப்ரவரியில் ஒரு நாள் முதன்மைக் களத்தின் தெர்மல் ஆக்சிடைசரில் (கிளைக்கால் அலகின் ஆவியை எரித்து அழிக்கும் கருவியில்) மூன்று மணி நேரம் வெப்பநிலை பதிவாகவில்லை. இதை அரையாண்டு அறிக்கையில் எழுத வேண்டுமா? மேலாளர் "இதெல்லாம் சில்லறை விஷயம்" என்கிறார்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூன்றாவது கேள்வியில்தான் அவசரம் இருக்கிறது என்றாலும், முதல் கேள்விக்கு விடை தெளியாமல் அதற்குப் பதில் சொன்னால் குழப்பம் கூடும். ஆகவே நீங்கள் கேட்ட வரிசையிலேயே செல்கிறேன்.

நீங்கள் மார்ச் 31 ஐக் கெடுவாகக் கொண்டு அனுப்பிவரும் பசுமைக்குடில் வாயு அறிக்கை, கூட்டாட்சி விதித்தொகுப்பின் 40 ஆம் தலைப்பில் 98 ஆம் பகுதியின் டபிள்யூ உட்பிரிவைச் சேர்ந்தது. 2010 இல் இறுதியாகி, 2011 ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 25,000 மெட்ரிக் டன் கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு இருந்தால் அந்த விதி உங்களைத் தொடும். அதன் கண்ணில் படுவது பெரும்பாலும் மீத்தேன்: கம்ப்ரசரின் ராட் பேக்கிங்கில் (தண்டைச் சுற்றிய அடைப்பில்) கசிவது, அழுத்தத்தை வெளியேற்றும் ப்ளோடவுன் வால்வில் வெளியேறுவது, கிணற்றுத் தலைப்பில் ஒழுகுவது ஆகியவை.

நச்சுக் காற்று மாசு விதியோ 63 ஆம் பகுதியின் எச்எச்எச் உட்பிரிவு. 1999 ஜூன் 17 இல் வெளியானது, 2012 ஆகஸ்டில் பெரிதாகத் திருத்தப்பட்டது. தூய காற்றுச் சட்டத்தின் 1990 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நாடாளுமன்றமே 189 நச்சுப் பொருள்களைப் பட்டியலிட்டது; அந்தப் பட்டியலில் மீத்தேன் இல்லை, பென்சீன் இருக்கிறது. அதாவது உங்கள் பசுமைக்குடில் அறிக்கையை எத்தனை முறை புரட்டினாலும் பென்சீன் எவ்வளவு போனது என்பது அதில் கிடைக்காது. ஒரே குழாயில் வரும் ஒரே வாயுதான். ஆனால் ஒரு விதி காலநிலை மாற்றத்தை முன்வைத்துக் கேள்வி கேட்கிறது, மற்றது வேலிக்கு அப்பால் வசிப்பவரின் இரத்தப் புற்றுநோயை முன்வைத்துக் கேள்வி கேட்கிறது.

எச்எச்எச் உட்பிரிவைப் பற்றிப் புதிதாக வருபவர்கள் அறியாத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பெயரைப் பார்த்தால் எரிவாயுப் போக்குவரத்து, சேமிப்பு நிலையங்கள் முழுவதையும் அது ஆள்வதுபோலத் தோன்றும். உண்மையில் அது கட்டுப்படுத்துவது கிளைக்கால் நீர்நீக்க அலகை மட்டுமே. நிலத்தடியிலிருந்து எடுக்கும் வாயு ஈரத்தோடு வருகிறது. அதை டிரை எத்திலீன் கிளைக்காலில் கழுவி உலர்த்துகிறீர்கள். கிளைக்கால் நீரை மட்டும் பிடிப்பதில்லை. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கையும் ஆசையோடு பிடித்துக்கொள்கிறது. பிறகு ரீபாய்லரில் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் கிளைக்காலைக் காய்ச்சும்போது நீராவியோடு சேர்ந்து அந்த நான்கும் ஸ்டில் வென்ட் என்ற வெளியேற்றுக் குழாய் வழியாக வெளியேறுகின்றன. குளிர்காலக் காலையில் அந்த வென்டின் வாயில் வெள்ளையாக எழும் ஆவியைப் பராமரிப்புக் காலத்தில் நீங்கள் நூறு முறை பார்த்திருப்பீர்கள். விதியின் முழுக் கவனமும் அந்த ஆவியின் மேல்தான். உங்களுடையது பழைய எண்ணெய்ப் படுகை என்பதால், எண்ணெயோடு பழகிய பாறையிலிருந்து வரும் வாயுவில் இந்த நறுமணச் சேர்மங்கள் கூடுதலாக இருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

2024 மே மாதத்தில் டபிள்யூ உட்பிரிவு விரிவாகத் திருத்தப்பட்டு, அதன் பெரும்பகுதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 100 கிலோகிராம் மீத்தேனுக்கு மேல் வெளியேறும் பெருங்கசிவுகளையும் கணக்கில் காட்ட வேண்டும் என்பது அதில் சேர்ந்தது. 2015 அக்டோபர் முதல் 2016 பிப்ரவரி வரை கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் சேமிப்புக் களத்தில் ஒரே ஒரு கிணறு ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேனை வெளியேற்றியதை அறிந்தவர்களுக்கு இப்படியொரு பிரிவு ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. பின்னர் 2025 செப்டம்பரில், பசுமைக்குடில் அறிக்கைத் திட்டத்தின் பெரும்பகுதியைக் கைவிடவும், டபிள்யூ உட்பிரிவின் பெரும்பகுதியை 2034 வரை நிறுத்திவைக்கவும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்மொழிந்தது. இதைக் கேள்விப்பட்டு "இனிமேல் அறிக்கையே கிடையாதாம்" என்று உங்கள் அலுவலகத்திலும் யாராவது சொல்லியிருக்கலாம். முன்மொழிவு வேறு, இறுதி விதி வேறு. ஒவ்வொரு கெடுவுக்கும் முன்பாக அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த முன்மொழிவு 98 ஆம் பகுதியைப் பற்றியது. உங்கள் கிளைக்கால் அலகுக்குப் பொருந்தும் 63 ஆம் பகுதியை அது தொடவில்லை என்பதை மேலாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. "பெரிய மூலம் அல்ல", அதாவது எச்எச்எச் உட்பிரிவுக்குள் வரும் அளவுக்கு நச்சுப் பொருள்களை உமிழ்வதில்லை, என்ற அந்த ஒற்றை வரி சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் கணக்கு இல்லாத முடிவு ஆய்வாளர் முன்னால் முடிவே அல்ல. விதி பொருந்தாது என்று தீர்மானித்தவர்களும் அந்தத் தீர்மானத்தின் ஆதாரத்தைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது 63 ஆம் பகுதியின் பொதுவிதிகளில் இருக்கிறது. ஆகவே புதிதாகக் கணக்கிடுங்கள்.

பெரிய மூலம் என்பதற்கு அளவு தெரிந்ததுதான்: ஏதேனும் ஒரு நச்சுப் பொருள் ஆண்டுக்கு 10 டன், அல்லது எல்லா நச்சுப் பொருள்களும் சேர்ந்து 25 டன். இங்கே டன் என்பது 907 கிலோகிராம் கொண்ட அமெரிக்கச் சிறு டன். பசுமைக்குடில் அறிக்கையில் மெட்ரிக் டன், எச்எச்எச் உட்பிரிவின் உள்ளே மெகாகிராம், மாநில அனுமதிப் பத்திரத்தில் சிறு டன், குழாய்ப் பாதுகாப்பு அறிக்கையில் கன அடி என்று நான்கு அளவைகள் ஒரே மேசையில் கிடக்கும். நான் பார்த்த பிழைகளில் பாதி வேதியியலில் நேர்ந்தவை அல்ல, இந்த அளவை மாற்றத்தில் நேர்ந்தவை. உங்கள் கணக்குத் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அளவையை எழுதிவைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

உங்கள் சிறு நிலையத்தின் உமிழ்வை முதன்மைக் களத்தோடு கூட்ட வேண்டுமோ என்ற அச்சம் உங்களுக்கு இருந்திருக்கும். கூட்ட வேண்டியதில்லை. குழாய்வழிக் கம்ப்ரசர் நிலையத்தின் உமிழ்வை அதைப் போன்ற பிற நிலையங்களின் உமிழ்வோடு சேர்க்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. எச்எச்எச் உட்பிரிவும் ஒரே நிலையத்தைச் சேராத கருவிகளைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. ஆனால் அந்தச் சிறு நிலையத்தின் வேலிக்கு உள்ளே இருப்பவை எல்லாம் சேரும். பலர் கிளைக்கால் அலகை மட்டும் கணக்கிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கம்ப்ரசரை ஓட்டும் எரிவாயு எஞ்சினின் புகையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. பழைய எஞ்சின்கள் சில ஒன்றாக ஓடினால் அந்த ஒரு பொருளே 10 டன்னை நெருங்கிவிடும். எஞ்சின்களுக்கென்று இசட்இசட்இசட்இசட் என்ற தனி உட்பிரிவு இருக்கிறது என்பதால், பெரிய மூலமா என்று பார்க்கும்போது அவற்றை விட்டுவிடலாம் என்று பொருள் அல்ல.

கணக்கிட வேண்டியது இன்று எவ்வளவு உமிழ்கிறது என்பதை அல்ல, உச்ச அளவில் ஓடினால் எவ்வளவு உமிழக்கூடும் என்பதை. அந்த உச்சத்துக்கும் விதியே வழி சொல்கிறது. வாயுவைக் கடத்த மட்டும் செய்யும் நிலையமாக இருந்தால், விதி குறிப்பிடும் ஐந்து ஆண்டுகளில் எந்த ஆண்டு மிக அதிக வாயு கடந்ததோ அந்த அளவை 1.2 ஆல் பெருக்க வேண்டும். அந்த ஆண்டு 50 கோடி கன மீட்டர் கடந்திருந்தால் 60 கோடி என்று கொள்ள வேண்டும். சேமிப்புக் களத்துக்கு இந்த முறை பொருந்தாது. ஏனென்றால் அங்கே ஒரே வாயு உள்ளே போய் வெளியே வருகிறது, இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது. ஆகவே ஆண்டின் 8,760 மணி நேரத்தை, உட்செலுத்தும் உச்ச வேகத்தின் தலைகீழ் எண்ணையும் வெளியெடுக்கும் உச்ச வேகத்தின் தலைகீழ் எண்ணையும் கூட்டி வரும் தொகையால் வகுக்கச் சொல்கிறது. உட்செலுத்தும் வேகம் மணிக்கு 2,00,000 கன மீட்டர், வெளியெடுக்கும் வேகம் 3,00,000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் தலைகீழ் எண்களும் சேர்ந்து 1,20,000 இல் ஒரு பங்கு. ஆகவே ஆண்டு உச்சம் 8,760 பெருக்கல் 1,20,000, அதாவது 105.12 கோடி கன மீட்டர். வெளியெடுக்கும் வேகத்தை அப்படியே 8,760 ஆல் பெருக்கியிருந்தால் 262.8 கோடி என்று வந்து, இல்லாத உமிழ்வுக்காக நீங்கள் விதிக்குள் விழுந்திருப்பீர்கள். உங்கள் முதன்மைக் களத்தின் பழைய கணக்கையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கிளைக்கால் அலகின் உமிழ்வைக் கணக்கிட விதி ஏற்கும் மென்பொருள் ஜிஆர்ஐ-கிளைகால்க். வாயுவின் அளவு, வெப்பநிலை, அழுத்தம், கிளைக்கால் சுற்றும் வேகம், பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறதா வாயுவில் ஓடுகிறதா, ஃப்ளாஷ் டேங்க் உண்டா என்று கேட்கும். எல்லாவற்றையும் விட முக்கியமானது வாயுவின் பகுப்பாய்வு. அங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. விற்பனைக்காக மாதந்தோறும் எடுக்கும் சாதாரண வெப்ப மதிப்புப் பகுப்பாய்வில் மீத்தேன், ஈத்தேன் என்று தொடங்கி, ஆறு கரிமங்களும் அதற்கு மேற்பட்டவையும் ஒரே வரியில் கூட்டித் தரப்பட்டிருக்கும். அந்த ஒரே வரிக்குள்தான் பென்சீனும் ஹெக்சேனும் ஒளிந்திருக்கின்றன. அந்தத் தாளை வைத்துக்கொண்டு மென்பொருளில் பென்சீன் கட்டத்தைக் காலியாக விட்டால், உமிழ்வு பூஜ்யம் என்று அது மிக மரியாதையாக விடை சொல்லும். நான் ஒருமுறை, இப்படிப் பூஜ்யத்தின் மேல் எழுப்பப்பட்ட "பெரிய மூலம் அல்ல" என்ற முடிவு ஒன்பது ஆண்டுகள் கோப்பில் நிம்மதியாக உறங்கியதைக் கண்டிருக்கிறேன். அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆகவே நறுமணச் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் விரிவான பகுப்பாய்வைக் கேட்டு வாங்குங்கள். மாதிரியை அலகுக்குள் நுழையும் ஈர வாயுவிலிருந்து எடுக்க வேண்டும். உலர்ந்து வெளியே போகும் வாயுவிலிருந்து எடுத்தால், கிளைக்கால் பிடித்துக்கொண்டதை எல்லாம் இழந்த பிறகு அளப்பதாக ஆகிவிடும்.

சுற்றும் வேகத்தையும் பெயர்ப்பலகையில் பார்க்காமல் நேரில் பாருங்கள். வாயு குறைந்த பின்னும் பம்ப்பைப் பழைய வேகத்திலேயே ஓடவிடுவது பல இடங்களில் வழக்கம். கூடுதலாகச் சுற்றும் கிளைக்கால் வாயுவை அதற்கு மேல் உலர்த்துவதில்லை, ஆனால் நறுமணச் சேர்மங்களைக் கூடுதலாகச் சுமந்து வந்து வென்டில் கொட்டுகிறது. பராமரிப்பிலிருந்து வந்த உங்களுக்கு இது எளிதில் பிடிபடும் என்பதுதான், இந்தப் பொறுப்பை உங்களிடம் கொடுத்ததில் நான் காணும் நல்ல அம்சம்.

கணக்கின் முடிவில் அது பெரிய மூலம் அல்ல என்று உறுதியானால், எச்எச்எச் உட்பிரிவு அந்த நிலையத்தைத் தொடாது. தாள்களைத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். இங்கே இரட்டைச் சகோதரர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: உற்பத்திக் களங்களுக்கான எச்எச் உட்பிரிவில் 2007 முதல் சிறு மூலங்களுக்கும் நிபந்தனைகள் உண்டு, போக்குவரத்துக்கும் சேமிப்புக்குமான எச்எச்எச் உட்பிரிவில் அவை இல்லை. எல்லைக்கு அருகில் எண் வந்தால், மாநில முகமையிடம் சட்டப்படி கட்டுப்படுத்தும் உமிழ்வு வரம்பு ஒன்றை அனுமதிப் பத்திரத்தில் கேட்டுப் பெறும் வழி இருக்கிறது. ஒருமுறை பெரிய மூலமானால் என்றும் பெரிய மூலமே என்ற 1995 ஆம் ஆண்டுக் கொள்கை 2018 இல் விலக்கப்பட்டு, 2020 இல் விதியாகவே மாற்றப்பட்டதால், எப்போது வேண்டுமானாலும் வகை மாறலாம்.

பெரிய மூலம் என்று வந்துவிட்டால் அலகின் அளவைப் பாருங்கள். நாளுக்கு 2,83,000 கன மீட்டர் அல்லது அதற்கு மேல் வாயுவும், ஆண்டுக்கு 0.90 மெகாகிராம் (அதாவது 900 கிலோகிராம்) அல்லது அதற்கு மேல் பென்சீன் உமிழ்வும் இருந்தால் அது பெரிய அலகு. உமிழ்வில் 95 விழுக்காடு குறைப்பு, அல்லது எரிப்புக் கருவியின் வெளியேற்றத்தில் கன அளவில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு, அல்லது பென்சீனை 0.90 மெகாகிராமுக்குக் கீழே கொண்டுவருதல் என்பவற்றுள் ஒன்றை நிறைவேற்ற வேண்டும். இரண்டில் ஏதேனும் ஒன்று குறைந்தால் அது சிறு அலகு. 1999 இல் தப்பிய அவற்றை 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் உள்ளே இழுத்தது. 2011 ஆகஸ்ட் 23 அன்றோ அதற்கு முன்போ கட்டத் தொடங்கப்பட்ட சிறு அலகுக்கு, வாயு அளவையும் உள்வரும் நறுமணச் சேர்மங்களின் செறிவையும் 0.00031 என்ற கெழுவால் பெருக்கி வரம்பு காண வேண்டும். நாளுக்கு 2,00,000 கன மீட்டரும் பத்து லட்சத்துக்கு 20 பங்கும் என்றால் நாளுக்கு 1,240 கிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ 0.45 மெகாகிராம். அதாவது செறிவை அளக்காமல் உங்கள் வரம்பே உங்களுக்குத் தெரியாது. மீண்டும் அந்த விரிவான பகுப்பாய்வில்தான் வந்து நிற்கிறோம்.

ஒருவேளை அந்தச் சிறு நிலையம் இத்தனை காலமும் விதிக்குள் இருந்திருக்க வேண்டியது என்று தெரியவந்தால், கலங்க வேண்டாம். ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2000 ஆம் ஆண்டுத் தணிக்கைக் கொள்கையின்படி, தாமே கண்டறிந்த மீறலை 21 நாள்களுக்குள் தெரிவித்து, சரிசெய்து, பிற நிபந்தனைகளையும் நிறைவேற்றுபவருக்கு அபராதத்தில் பெரும் தள்ளுபடி கிடைக்க வழியுண்டு. அந்த 21 நாள், மீறல் நடந்தது அல்லது நடந்திருக்கலாம் என்று நம்புவதற்கு உங்கள் நிறுவனத்தில் யாருக்கேனும் நியாயமான அடிப்படை கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். ஆகவே பகுப்பாய்வு முடிவு வருவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அந்த மூன்று மணி நேரம் சில்லறை விஷயமா என்பதற்கு மேலாளரின் அனுபவம் விடை சொல்லாது. அன்றைய தினம் அலகு எத்தனை மணி நேரம் ஓடியது என்ற ஒரே எண் விடை சொல்லும். கட்டுப்பாட்டுக் கருவியின் வெப்பநிலையைக் குறைந்தது மணிக்கு ஒருமுறை அளந்து, நாள் சராசரி காண வேண்டும். அந்தச் சராசரி, சோதனையிலோ வடிவமைப்பிலோ நிறுவிய குறைந்தபட்ச வெப்பநிலைக்குக் கீழே போனால் அது விலகல். அதோடு, ஒரு நாளின் இயங்கு மணி நேரங்களில் 75 விழுக்காட்டுக்கும் குறைவான நேரத்துக்கே தரவு இருந்தாலும் அது தனியே ஒரு விலகல். அன்று அலகு 24 மணி நேரமும் ஓடியிருந்தால் 21 மணி நேரத் தரவு இருக்கிறது, அது 87.5 விழுக்காடு, எல்லைக்குள். ஆனால் சேமிப்புக் களங்கள் அப்படி ஓடுவதில்லையே. குளிர் ஏறும் காலையில் வால்வைத் திறந்து, மாலையில் தேவை தணிந்ததும் மூடுகிறீர்கள். அன்று 10 மணி நேரம் மட்டும் ஓடியிருந்தால் கையில் இருப்பது 7 மணி நேரத் தரவு, 70 விழுக்காடு; விலகல். அதே மூன்று மணி நேரம், முழு நாள் ஓடும் ஆலையில் குறிப்பேட்டில் எழுதும் செய்தியாக இருக்கும். உங்களிடம் அறிக்கையில் ஏறும் செய்தியாகிவிடுகிறது.

இந்த இடத்தில் உங்கள் பசுமைக்குடில் அறிக்கைப் பழக்கம் உங்களைக் கவிழ்த்துவிடக்கூடும். 98 ஆம் பகுதியில் விடுபட்ட தரவுக்கு மாற்று எண் இடுவதற்கு முறையான வழியே உண்டு. உரிய முறையில் மதிப்பிட்டு, அப்படிச் செய்ததைக் குறிப்பிட்டால் போதும். எச்எச்எச் உட்பிரிவின் வெப்பநிலைப் பதிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. முந்தைய மணியின் எண்ணை ஒட்டி இடைவெளியை நிரப்பினால், ஒரு தரவு இழப்பைப் பொய்யான பதிவாக மாற்றிவிட்டதாகப் பொருள். உங்கள் கட்டுப்பாட்டு அறைக் கணினியில் சென்சார் அறுந்ததும் கடைசி எண்ணையே தொடர்ந்து காட்டும் அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று மணி நேரம் ஒரு டிகிரி கூட அசையாத வெப்பநிலை எந்த எரிப்புக் கலத்திலும் இருக்காது என்பது ஆய்வாளருக்கும் தெரியும்.

அடுத்து, பதிவு மட்டும் நின்றதா, சுடரே அணைந்ததா என்று பிரித்தறிய வேண்டும். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் அறுந்திருந்தால் அது கண்காணிப்பின் குறை. சுடர் அணைந்திருந்தால் ஸ்டில் வென்டின் ஆவி எரியாமலே வெளியேறியிருக்கிறது, அது உமிழ்வு. எரிபொருள் வால்வின் நிலை, அபாய ஒலிப் பதிவு, கிளைக்கால் பம்ப் ஓடிய நேரம், அன்று பணியில் இருந்தவரின் கைக்குறிப்பு ஆகிய நான்கையும் ஒரே நேரக்கோட்டில் அடுக்கிப் பாருங்கள். பைபாஸ் வால்வையும் மறக்க வேண்டாம். அதன் கைப்பிடியில் மாட்டியிருக்கும் கார் சீல் (வால்வைத் திறக்க வேண்டுமானால் அறுக்க வேண்டிய முத்திரை) முழுதாக இருக்கிறதா, எண் பதிவேட்டோடு பொருந்துகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பழுது பார்க்க வந்தவர் சீலை அறுத்து, கருவியைச் சுற்றிப் போகும் வழியைத் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் புதுச் சீல் மாட்டி, ஒரு வரி கூட எழுதாமல் போவது இந்தத் தொழிலில் நடக்காதது அல்ல. தொடக்கம், நிறுத்தம், பழுது ஆகிய நேரங்களுக்கு முன்பு இருந்த விலக்கு 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது என்பதால், "அது பழுதுதானே" என்பது இப்போது காரணம் ஆகாது. பழுதுகளின் எண்ணிக்கை, நீடித்த நேரம், சுருக்க விளக்கம், உமிழ்வைக் குறைக்க எடுத்த நடவடிக்கை ஆகியவற்றையும் அறிக்கையில் தர வேண்டும்.

முன்னே சொன்ன தணிக்கைக் கொள்கையை இதற்கும் பயன்படுத்தலாமா என்று நினைப்பீர்கள். பயன்படாது. சட்டப்படி கட்டாயமான கண்காணிப்பிலேயே தெரியவந்த மீறலை, தாமாக முன்வந்து கண்டுபிடித்ததாக முகமை கருதுவதில்லை. உரிய அறிக்கையில் உரிய இடத்தில் எழுதுவது ஒன்றே வழி. உங்கள் களத்துக்குத் தூய காற்றுச் சட்டத்தின் ஐந்தாம் தலைப்பின் கீழான இயக்க அனுமதி இருக்கும்; அதன் கீழான விலகல் அறிக்கையிலும் ஆண்டு இணக்கச் சான்றிலும் இதே நிகழ்வு இதே எண்களோடு வர வேண்டும். அந்தச் சான்றில் கையெழுத்திடும் பொறுப்பு அதிகாரி, நியாயமான விசாரணைக்குப் பின் உருவான தகவலும் நம்பிக்கையும் கொண்டு உண்மை என்று உறுதியளிக்கிறார். தெரிந்தே பொய்யுரைத்தால் தூய காற்றுச் சட்டத்தின் 113 ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. இதை மேலாளரிடம் மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். கையெழுத்து யாருடையது என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அவருடையதாகவோ அவருக்கு மேலிருப்பவருடையதாகவோ இருக்கும், பேச்சு தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும்.

பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அவற்றில் கடைசி 12 மாதத்துக்குரியவை களத்திலேயே இருக்க வேண்டும், அல்லது கேட்ட இரண்டு மணி நேரத்துக்குள் கணினி வழியாகவோ வேறு வழியாகவோ கைக்கு வர வேண்டும். ஓய்வுபெற்றவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் கோப்பு இந்த விதிக்குப் போதாது. அவருடன் தொலைபேசியில் பேசிப் பழைய ஜிஆர்ஐ-கிளைகால்க் உள்ளீட்டுக் கோப்புகளை இந்த வாரமே வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று அலகு 10 மணி நேரம் ஓடியது, தெர்மோகப்பிள்தான் அறுந்தது என்று விசாரணையில் உறுதியானால், அறிக்கையில் எழுத வேண்டியது இவ்வளவே: "பிப்ரவரி இன்ன தேதியில் 2 ஆம் கிளைக்கால் அலகு காலை 6 மணி முதல் மாலை 4 மணி வரை 10 மணி நேரம் இயங்கியது. காலை 9 மணி முதல் 12 மணி வரை தெர்மல் ஆக்சிடைசரின் வெப்பநிலைத் தரவு கிடைக்கவில்லை. தரவு இருந்தது 7 மணி நேரம், 70 விழுக்காடு. ஆகவே தரவுப் பற்றாக்குறை விலகல். காரணம், தெர்மோகப்பிள் இணைப்பு அறுந்தது. எரிபொருள் வால்வு திறந்தே இருந்ததையும் சுடர் அணைந்ததற்கான அபாய ஒலி எழாததையும் பதிவுகள் காட்டுகின்றன. நண்பகல் 12 மணிக்குப் புதிய தெர்மோகப்பிள் பொருத்தப்பட்டது." அனுப்புவதற்கு முன், இதில் வரும் 10 மணி நேரம் அன்றைய வாயு வெளியெடுப்புப் பதிவோடும் கிளைக்கால் பம்ப்பின் மணிக்கணக்கோடும் பொருந்துகிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.